நாலரை அடித் தடுப்பு

2006-ல் கோவில்பட்டியில் நான் பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தபோது 6 கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய். ஆளுயரத்துக்கு பிளைவுட் கேபின் அடித்து, முன்னால் திரைச்சீலையும் தொங்கவிட்டிருந்தேன்.

வருகிறவர்களில் பாதிப் பேர் ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளத்துக்காகத்தான் வருவார்கள். அதில் ஒருத்தனுக்கு எழுதும் 'ஸ்கிராப்'பை ஊரே படிக்கலாம். யார் வந்து எட்டிப் பார்த்தார்கள் என்று காட்டும் வசதியும் பிறகு வந்தது. நாம் போய்ப் பார்த்தது தெரியக்கூடாது என்று அதை அணைத்துவிட்டால், நம்மைப் பார்த்தவர்களையும் நாம் பார்க்க முடியாது. நியாயமான ஏற்பாடு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பொம்பளைப் பிள்ளைகள் யாரும் சொந்தப் படம் வைக்க மாட்டார்கள். ரோஜாப்பூ, கைக்குழந்தை, இல்லாவிட்டால் அசின். பெயரும் 'ஸ்வீட் ஏஞ்சல்' மாதிரி ஏதாவது இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அங்கே பெயரைக்கூடச் சொல்லாத அதே பிள்ளைகள் என் மேஜையில் கிடந்த நோட்டில் முழுப் பெயர், அப்பா பெயர், தெரு, போன் நம்பர் எல்லாம் எழுதிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நோட்டு போடச் சொல்லி ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள். நானும் நாற்பது பக்க நோட்டில் ஆரம்பித்து லாங் சைஸுக்கு வந்திருந்தேன்.

ராத்திரி கடை சாத்துமுன் 6 மெஷினையும் ஒரு சுற்று பார்ப்பேன். இரண்டு மூன்று பேராவது கணக்கை மூடாமல் போயிருப்பார்கள். ஒன்றையும் படிக்காமல் மூடிவிடுவேன். சரி, ஆரம்பத்தில் ஒன்றிரண்டு படித்திருக்கிறேன்.

2009-ல் ஒரு நாள் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனேன். ஐந்து நிமிஷம் இருக்கும். அதற்குள் ஒரு பையன் நோட்டைப் புரட்டி, ஒரு பிள்ளையின் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய்விட்டான். ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளையின் அப்பா வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"அண்ணாச்சி, எம்புள்ள ஒங்க கடையத் தவிர வேற எங்கயும் நம்பர் குடுக்கல."

வீட்டு லேண்ட்லைன். ராத்திரி பதினொரு மணிக்கு அடிக்கிறதாம். எடுத்தால் பேச்சில்லையாம். மன்னிப்புக் கேட்டேன். மறுபடி அடித்தால் உடனே சொல்லுங்கள் என்று என் செல் நம்பரை அவருக்குக் கொடுத்தேன். அதன்பிறகு அவள் கடைக்கு வரவில்லை. நோட்டு கல்லாப்பெட்டிக்குள் போய்விட்டது.

2011-ல் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கென்றே விதிகள் போட்டது. அடையாள அட்டை பார்க்க வேண்டும், பதிவேட்டை ஒரு வருடமாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும், கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது. ஆசாரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அறுத்தேன். அன்றைக்குக் கடை முழுக்கத் தலைகள் தெரிந்தது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அதற்குள் பையன்கள் கையில் போன் வந்தாகிவிட்டது. 2014-ல் ஆர்க்குட்டை கூகுள் மூடியது, நானும் மூடினேன். அடுத்த வருடம் நோட்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது 2017 ஆகஸ்டில். அப்போது என் நோட்டுகள் சாம்பலாகி இரண்டு வருடம்.

2018-ல், ஃபேஸ்புக்கில் இருந்தவர்களின் தகவல் ஓர் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போன கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தபோது, பேப்பரில் ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 'உங்கள் குணம் என்ன' என்று கேள்வி கேட்கும் ஒரு செயலி. இந்தியாவில் அதைப் போட்டுக்கொண்டவர்கள் 335 பேர்தான் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. ஆனால் தகவல் கைமாறியிருக்கக்கூடிய இந்தியர்கள் சுமார் 5.6 லட்சம். மீதி அத்தனை பேரும் செய்தது ஒன்றே ஒன்றுதான்: அதைப் போட்ட யாருக்கோ நண்பராக இருந்தது. அந்த நாளில் ஒருவர் அனுமதி கொடுத்தால் அவருடைய நண்பர்களின் விவரத்தையும் செயலி அள்ளிக்கொள்ளலாம். உலகம் முழுக்க 8.7 கோடிப் பேர் என்றார்கள். அடுத்த வருடம் அமெரிக்காவில் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம். எனக்கு அந்த அப்பாவின் குரல்தான் கேட்டது. அவர் மகளும் தப்பு ஒன்றும் செய்யவில்லையே.

போன வருடம், மகள் தொந்தரவு தாங்காமல் ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கினேன். போனில் இருக்கும் நம்பர்களைப் பார்க்கலாமா என்று கேட்டது. முடியாது என்று அழுத்தினேன். ரொம்ப உஷாராக இருந்துவிட்டதாக நினைப்பு. மறுநாள் திறந்தால் 'உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம்' என்று ஒரு வரிசை. மருந்துக்கடைக்காரர், கேபினை அறுத்த ஆசாரி, யுபிஎஸ் பேட்டரி மாற்ற வந்த தம்பி. நான் கொடுக்காவிட்டால் என்ன, அவர்கள் கொடுத்திருப்பார்கள். அவர்கள் போனில் நான் 'பிரவுசிங் அண்ணாச்சி'யாக இருப்பேன். பத்தொன்பது வருடமாக அதே நம்பர்.

விரலால் தள்ளிக்கொண்டே போனபோது அவள் வந்தாள். முழுப் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. இந்தத் தடவை ரோஜாப்பூ இல்லை, சொந்தப் படம். பக்கத்தில் சீருடையில் இரண்டு பிள்ளைகள். புத்தகப் பையில் பள்ளிக்கூடத்தின் பெயர் படிக்கும்படி இருந்தது. அன்றைக்கு நான் கொடுத்த நம்பரை அவள் அப்பா இன்னும் வைத்திருக்கிறார் போல. தளம் காரணமெல்லாம் சொல்வதில்லை.

படத்துக்குக் கீழே 'நீக்கு' என்று இருந்தது. அழுத்தினேன். அவள் இடத்துக்கு எங்கள் பழைய பால்காரர் வந்தார்.