கருப்பியின் பதினொரு முட்டைகள்

ஜனவரி 4, வியாழன்

விடியற்காலை நாலரைக்கே அய்யலூர் சந்தைக்குப் போய்விட்டோம். வெளிச்சம் வந்த பிறகு போனால் நல்ல சேவல்கள் கை மாறியிருக்கும். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். மூக்கில் சளி இருக்கிறதா, கொண்டை கறுத்திருக்கிறதா, வாலடியில் எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று. நாலாவதாகப் பார்த்த செம்பழுப்புச் சேவல் மனதுக்குப் பிடித்தது. நாட்டுக்கோழியில் சிறிய இனமான சிறுவிடைதான், ஒன்றரைக் கிலோ இருக்கும். கையில் எடுத்ததும் திமிறிக்கொண்டு உதைத்தது.

எங்கள் தெருவில் சேவலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாமே எங்கள் வீட்டுக் கோழி வழி வந்தவை. அத்தை கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது அவர் அம்மா ஒரு பெட்டைக் கோழியையும் கொடுத்தனுப்பினாராம். அதன் வழியில் எங்கள் வீட்டில் இப்போது மிச்சம் இருப்பது கருப்பி ஒருத்திதான். ஒரே ரத்தத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்ந்தால் முட்டை சரியாகப் பொரிக்காது, குஞ்சும் நோஞ்சானாக வரும். அதனால்தான் வெளிச்சேவல்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சொன்ன முதல் வார்த்தை: "கருப்பி பக்கத்துல விட்றாதத்தா. ரெண்டு வாரம் மாட்டுக் கொட்டகையில தனியா கெடக்கட்டும்." நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். சந்தையிலிருந்து என்ன நோயைக் கூட்டி வருகிறதோ, யாருக்குத் தெரியும்.

ஜனவரி 18, வியாழன்

சேவலைத் திறந்துவிட்டேன். தும்மல் இல்லை, எச்சம் கெட்டியாக இருக்கிறது. கருப்பி முதலில் ஒரு கொத்து கொத்தினாள். சாயங்காலம் இரண்டும் ஒரே குப்பைமேட்டைச் சீய்த்துக்கொண்டிருந்தன.

போன பங்குனியைப் பற்றி இங்கே எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் யாருக்கும் புரியாது. பதினான்கு கோழிகள் நான்கே நாளில் போயின. முதல் நாள் ஒரு விடைக்கோழி இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றது. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். அப்புறம் ஒன்றுக்குக் கழுத்து திருகி, தலை முதுகுப் பக்கம் போய்விட்டது. வெள்ளைக்கழிச்சல் என்று எல்லாருக்கும் தெரியும். வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். தோட்டத்துக் குடிசையில் அடையில் கிடந்ததால் கருப்பி மட்டும் தப்பினாள்.

தடுப்பு மருந்து கொடுக்காமல் விடவில்லை. ஆனால் அந்தப் புட்டியை நான் வாங்கி வந்த விதம் தப்பு. வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் போட்டு ஒரு மணி நேரம் கொண்டு வந்தேன். அது உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த மருந்து. சூடுபட்டால் செத்துவிடும். செத்த மருந்தைத்தான் கண்ணில் விட்டிருக்கிறேன். இது எனக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும்.

ஜனவரி 25, வியாழன்

கருப்பி முட்டையிட ஆரம்பித்துவிட்டாள். முதல் மூன்று முட்டைகளை அடைக்கு எடுக்கவில்லை. சேவல் சேர்ந்து ஒரு வாரமாவது ஆகட்டும் என்று விட்டுவிட்டு, நேற்றைய முட்டையிலிருந்துதான் சேர்க்கிறேன். பென்சிலால் தேதி எழுதி, வடக்கு அறையில் மண்சட்டியில் மணல் பரப்பி அதன்மேல் கூர்முனை கீழே இருக்கும்படி வைக்கிறேன். ஈரக் கையால் தொடுவதில்லை, கழுவுவதும் இல்லை.

பிப்ரவரி 3, சனி

ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் (அதே வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாம் இன்று எங்கள் ஊர் மந்தையில். இலவசம்தான். இருந்தும் தெருவில் பாதி வீடுகள் வரவில்லை.

எதிர்வீட்டு மதினியிடம் நேற்று ராத்திரியே போய்ச் சொன்னேன், கோழிகளைக் கூடையில் கவிழ்த்து வையுங்கள், விடிந்து திறந்துவிட்டால் பிடிக்க முடியாது என்று. "ஊசி போட்டா முட்ட நின்னுபோகும் தாயி"ன்னு சொன்னார். அது முழுப் பொய்யும் இல்லை. ஊசி போட்ட சில நாள் முட்டை குறைவதுண்டு, பிறகு தானாகச் சரியாகும். அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், வரவில்லை.

கருப்பிக்கும் சேவலுக்கும் இறக்கைக்கு அடியில் தோலில் ஊசி போட்டார்கள். கோழி என் வீட்டுக் கூட்டில் அடைந்தாலும் மேய்வது தெரு முழுக்க. மதினியின் கோழியும் என் கோழியும் ஒரே சாக்கடை ஓரத்தில்தான் புழு தேடுகின்றன. நான் மட்டும் ஊசி போட்டு என்ன?

பிப்ரவரி 6, செவ்வாய்

நேற்று மத்தியானத்திலிருந்து கருப்பி கூட்டை விட்டு இறங்கவில்லை. கையை நீட்டினால் உடம்பை உப்பிக்கொண்டு உறுமுகிறாள். வயிற்றடியில் தொட்டால் சுடுகிறது. சரி, அடைக்கு வந்துவிட்டாள்.

நாமக்கல் பண்ணைகளில் இருக்கிற வெள்ளை லகான் கோழி வருடத்துக்கு முந்நூறு முட்டைக்கு மேல் இடும். ஆனால் அடை படுக்காது. அந்தக் குணத்தைக் கழித்துக் கழித்து வளர்த்த இனம் அது. சிறுவிடை வருடத்துக்கு ஐம்பது அறுபது முட்டை இட்டாலே அதிகம். ஆனால் தானே அடை படுத்து, தானே பொரித்து, தானே வளர்த்துவிடும். எனக்கு இந்தக் கோழிதான் வேண்டும்.

பழைய மூங்கில் கூடையில் மணலும் மேலே வைக்கோலும் பரப்பினேன். செல்பூச்சி பிடிக்காமல் இருக்க அடியில் காய்ந்த வேப்பிலையும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும். அத்தை வந்து ஒரு கரித்துண்டும், துருப்பிடித்த ஆணியும், காய்ந்த மிளகாய் ஒன்றும் ஓரத்தில் செருகினார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகாமல் இருக்குமாம். நான் தடுக்கவில்லை. இருட்டிய பிறகு பதினொரு முட்டைகளையும் ஒவ்வொன்றாக அவள் அடியில் நகர்த்தினேன். அலகால் இழுத்து இழுத்துத் தானே ஒழுங்குபடுத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஏழாம் நாள். இருட்டறையில் செல்போன் விளக்கை முட்டையின் மழுங்கின முனையில் வைத்துப் பார்த்தோம். மகள்தான் பிடித்துக்கொண்டாள். நல்ல முட்டைக்குள் சிலந்தி கால் பரப்பின மாதிரி செந்நிற நரம்புகள், நடுவில் ஒரு கரும்புள்ளி. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அது அசைகிறது. "அம்மா, நெஞ்சு துடிக்குது" என்று அவள் கிசுகிசுத்தாள். விளக்கை உடனே அணைக்கச் சொன்னேன். அதிக நேரம் சூடு படக்கூடாது.

இரண்டு முட்டைகள் வெறும் மஞ்சள் வெளிச்சமாகத் தெரிந்தன. எடுத்துப் பார்த்தால் 24, 25 என்று பென்சில் தேதி. சேர்த்ததிலேயே பழைய முட்டைகள் அவைதான். பத்து நாளுக்கு மேல் வைத்த முட்டையை இனி அடைக்குச் சேர்க்கப் போவதில்லை.

மிச்சம் ஒன்பது.

பிப்ரவரி 20, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. தினமும் ஒரு தடவை இறங்கி, கம்பு தின்று, தண்ணீர் குடித்து, சாம்பலில் புரண்டு, கால் மணி நேரத்தில் திரும்பிவிடுகிறாள். கொண்டை வெளிறிப் போயிருக்கிறது. பாவமாக இருக்கிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

நேற்றிரவே கூடைக்குள் சன்னமாகச் சத்தம் கேட்டது. காதை வைத்துக் கேட்டால் ஓட்டுக்கு உள்ளிருந்து வருகிறது. கருப்பி தொண்டைக்குள் பதில் சொல்கிறாள்.

காலை ஆறு மணிக்கு மூன்று குஞ்சுகள் வெளியே. மத்தியானத்துக்குள் எட்டு. ஒன்பதாவது முட்டையில் ஒரு சின்ன விரிசல், அதற்குள் அலகின் நுனி தெரிகிறது. அலகு முனையில் உப்புக்கல் மாதிரி வெள்ளையாக ஒரு முளை. அதை வைத்துத்தான் ஓட்டைக் குத்தி உடைக்கும். ஒரு மணி நேரம் ஆகியும் விரிசல் பெருகவில்லை. நகத்தால் கொஞ்சம் கிள்ளிவிடலாம் என்று கை பரபரத்தது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஓட்டின் உட்தோலில் இன்னும் ரத்தம் ஓடும், நாம் கிழித்தால் ரத்தம் கசிந்தே போய்விடும். மஞ்சள் கரு வயிற்றுக்குள் முழுதாக உள்ளே இழுபடவும் நேரம் வேண்டும். அதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது எளிதில்லை.

ராத்திரி எட்டு மணிக்குச் சத்தம் நின்றுவிட்டது. அதைக் கொய்யா மரத்தடியில் புதைத்தேன்.

எட்டுக் குஞ்சுகள். இன்றைக்கு இரை கிடையாது. வயிற்றுக்குள் போன மஞ்சள் கருவே இரண்டு நாளுக்குப் போதும். நாளை குருணையும் தண்ணீரும். தண்ணீரைச் சிரட்டையில் வைத்து உள்ளே கூழாங்கல் போடவேண்டும். இல்லாவிட்டால் குஞ்சு தவறி விழுந்து முங்கிவிடும்.

மார்ச் 5, செவ்வாய்

ஏழாம் நாள் சொட்டு மருந்து. இதைத்தான் இரண்டு மாதமாக மனதில் வைத்திருக்கிறேன்.

கழிச்சலுக்கான இந்தச் சொட்டு மருந்துக்கு லசோட்டா என்று பெயர். புட்டி கடையில் நூறு டோஸாகத்தான் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது எட்டு. கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும், நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. புறக்கடையில் நாலு கோழி வளர்ப்பவர்கள் மருந்து கொடுக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். எட்டுக் குஞ்சுக்காக ஒரு புட்டியை உடைக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

அதனால் போன வாரம் முழுக்கத் தெருவில் வீடு வீடாகப் போனேன். யார் வீட்டில் எத்தனை குஞ்சு, எப்போது பொரித்தது என்று மகளின் பழைய நோட்டில் எழுதினேன். ஏழு வீட்டில் மொத்தம் அறுபத்து மூன்று. காசு பிரித்தால் ஒரு வீட்டுக்கு ஒன்றுமே இல்லை. மதினி முதலில் தலையை ஆட்டிவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "போன வருசம் எனக்கும் ஒம்பது போச்சு தாயி. செத்தத ஓடையில தூக்கிப் போட்டோம், நாய் இழுத்துட்டு வந்துச்சு" என்றார். புதைத்திருக்க வேண்டும், சுண்ணாம்பு போட்டு. அவருக்கும் தெரிந்துதான் சொன்னார். நான் மேலே எதுவும் பேசவில்லை. "என் பதினோரு குஞ்சையும் எழுதிக்க" என்றார்.

முதலில் போன கடையில் புட்டியை மேசை மேல் வெளியிலேயே வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஐஸ் கட்டி போட்ட ஃபிளாஸ்கில் வைத்துக் கொண்டுவந்தேன். வெயில் தாழ்ந்த பிறகு எங்கள் திண்ணையில் கூடினோம். கூடை கூடையாகக் குஞ்சுகள், ஒரே கீச்சு.

இடது கையில் குஞ்சைப் பிடித்து, கட்டைவிரலால் தலையைச் சாய்த்து, கண்ணில் ஒரே ஒரு சொட்டு. சொட்டு கண்மேல் ஒரு மணியாக நிற்கும். குஞ்சு கண்ணை மூடித் திறந்ததும் உள்ளே இழுபட்டுவிடும். அதுவரை கையை விடக்கூடாது. அவசரப்பட்டு விட்டால் தலையை உதறி மருந்தைச் சிந்திவிடும். கொடுத்ததற்கு அடையாளமாக மகள் ஒவ்வொன்றின் முதுகிலும் மஞ்சள் தடவினாள். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மூக்கொழுகிய மூன்று குஞ்சுகளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. நோயோடு இருப்பதற்குக் கொடுக்கக்கூடாது.

மார்ச் 16, சனி

வல்லூறு ஒன்றைத் தூக்கிவிட்டது. காலையில் கருப்பி நீளமாக ஒரு குரல் கொடுத்தாள், குஞ்சுகள் எல்லாம் வேலிக்குள் ஓடின. ஒன்று மட்டும் கரையான் பானைப் பக்கம் நின்றுவிட்டது. பானைக்குள் ஈரச் சாணமும் கிழிந்த சாக்கும் அடைத்து ராத்திரி கவிழ்த்து வைப்பேன், விடிந்தால் கரையான் ஏறியிருக்கும். அதைக் கொத்தும் ஆசையில் தாய் கூப்பிட்டது அதற்குக் காதில் விழவில்லை.

பானையைத் திறந்த வெளியில் வைத்தது என் தப்பு. இன்றே முருங்கை மரத்தடிக்கு மாற்றி, மேலே பழைய சேலை இரண்டைக் கட்டினேன். மின்கம்பியில் ஒரு கரிச்சான் உட்காருகிறது. தன்னைவிடப் பெரிய பருந்தையும் விரட்டி விரட்டிக் கொத்தும் குருவி அது. பக்கத்தில் கூடு கட்டினால் நல்லது.

ஏழு.

ஏப்ரல் 9, செவ்வாய்

வெயில் தாங்கவில்லை. பத்து மணிக்கே குஞ்சுகள் அலகைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. தண்ணீரை மூன்று தடவை மாற்றுகிறேன்.

இரண்டு குஞ்சுகளுக்கு அம்மை. கொண்டை முளைக்கும் இடத்திலும் இமையிலும் மிளகு மாதிரி கொப்புளங்கள். கொசுதான் பரப்புகிறது. கொட்டகைக்குப் பின்னால் உடைந்த தொட்டியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிறோம். ஒன்றுக்கு இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இரை இருக்கும் இடம் தெரியாமல் பட்டினி கிடந்தே போய்விடும். வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்து, சோற்றை உருட்டி வாயில் ஊட்டுகிறேன். விரல் பட்டால் தானாகவே வாயைத் திறக்கப் பழகிவிட்டது.

ஏப்ரல் 25, வியாழன்

குஞ்சுகளுக்கு எட்டு வாரம் செவ்வாயோடு முடிந்தது. அன்றைக்குச் சித்ரா பௌர்ணமி, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கத் தெருவே மதுரைக்குப் போய்விட்டது. அதனால் எட்டு வாரத்தில் போட வேண்டிய கழிச்சல் ஊசி இன்றுதான். கால்நடை மருந்தகத்துக்கு ஏழு வீட்டுக் கூடைகளையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். மதினி தன் தங்கை வீட்டுக் குஞ்சுகளையும் சேர்த்து எடுத்து வந்திருந்தார்.

கருப்பி நான்கு நாளாகக் குஞ்சுகளைக் கொத்தி விரட்டுகிறாள். பிரித்துவிட்டாள். ஆறு குஞ்சுகளும் இனி அவரவர் இரையை அவரவர் தேட வேண்டும்.

ஏழாவது, அம்மையில் இரண்டு கண்ணும் ஒட்டிப்போனது. இடது கண் திறந்துவிட்டது, வலது இன்னும் இல்லை. உடம்பு தேறட்டும், அப்புறம் ஊசி போடலாம் என்றார் மருத்துவர். அதுவரை தெருவில் விடாமல் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கப் போகிறேன். இப்போதும் திண்ணையில்தான் இருக்கிறது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பஞ்சாரத்தில் விரலை நீட்டினால் வாயைத் திறக்கிறது.