கோழி மேய்ச்சாலும் கோறணமேந்து

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்." யாழ்ப்பாணத்தில் பிறந்த யாருக்கும் இந்தச் சொல் புதிதில்லை. ஆறில்லாத ஊர், கையளவு காணி. படித்து அரசாங்க உத்தியோகம் எடுப்பதுதான் எங்கள் விவசாயம்.

ஐயா கொழும்பில் கிளாக்கர். 1956-இல் வந்த சிங்களம் மட்டும் சட்டம் 1961-இல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. சிங்களச் சோதனை பாஸ் பண்ணாவிட்டால் சம்பள உயர்வு இல்லை. நாற்பதைத் தாண்டிய மனிதர் லீவில் வரும்போதெல்லாம் விளக்கடியில் இருந்து, என்னுடைய பழைய கொப்பியில் அயன்ன, ஆயன்ன எழுதிப் பழகுவார். நான் எட்டிப் பார்த்தால் கையால் மறைப்பார். இரண்டு தரம் சோதனை எழுதினார். பிறகு கொப்பியைக் காணவில்லை. அவருடைய கோபம் யாழ்ப்பாணக் கச்சேரி, அதாவது அரசாங்கச் செயலகம், அதன் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்ததோடு சரி.

அண்ணாவின் கோபம் வேறு மாதிரி. 1971 பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவர்களுக்கு 400-க்கு 229 போதும்; தமிழில் எழுதியவர்களுக்கு 250 வேண்டும். அண்ணா எடுத்தது 241. அந்த எண்ணை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை, அம்மாதான் சொல்லுவா. அதே ஆண்டு ஏப்ரலில் தெற்கே ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் ஆயுதக் கிளர்ச்சி. அவர்களிலும் நிறையப் பேர் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த சிங்களப் பெடியள்.

அண்ணா செம்பாட்டு (செம்மண்) தோட்டத்தில் இறங்கினார். இறக்குமதி கட்டுப்பாட்டில் இருந்த காலம், வெங்காயமும் செத்தல் மிளகாயும் நல்ல விலை போயின. இறைப்பு மிசின் வாங்கினார். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் தண்ணி மாற வருவான், பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஏ.எல். சோதனை முடித்தவன், மண்வெட்டியோடு நின்று கணக்குக் கேட்பான். 1977-இல் புது அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. விலை விழுந்தது.

வேலை இல்லாததால்தான் தமிழ்ப் பெடியள் ஆயுத இயக்கத்துக்குப் போனார்கள் என்று யாராவது எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததும் 1983-இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரமும் வெங்காய விலையில் அடங்காது. ஆனாலும் எங்கள் ஒழுங்கையை, இந்தச் சின்னத் தெருவை, மட்டும் வைத்துச் சொன்னால், அண்ணா மிசினை விற்று ஏஜென்சிக்குக் கட்டிச் சவூதிக்குப் போனார். அந்தத் தம்பியிடம் விற்க மிசின் இல்லை. ஒருநாள் விடிய, அவனுடைய சைக்கிள் எங்கள் வேலியில் சாத்தியிருந்தது. மண்வெட்டியைக் கழுவி, கிணற்றடியில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.