போர்க்காலக் கேப்டனுக்குக் கட்டளைக் கடிதம்

1798-இல் பிரிட்டன் இயற்றிய சட்டப்படி, வெளிநாட்டு வணிகத்துக்குப் புறப்படும் கப்பல்கள் பெரும்பாலும் போர்க்கப்பல் துணையோடுதான் போகவேண்டியிருந்தது. அனுமதியின்றிப் பிரிந்த கேப்டனுக்கு 1,000 பவுண்டு வரை அபராதம் இருந்தது. உரிமையாளருக்குத் தெரிந்தே பிரிந்தால் காப்பீடும் செல்லாமல் போனது.

ஆகவே அக்காலக் கப்பல் உரிமையாளர் தன் கேப்டனுக்குத் தரும் கட்டளைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுத வேண்டியது இது: நங்கூரம் தூக்குமுன் துணைவரும் போர்க்கப்பலின் தளபதியிடம் பயண ஆணையைக் கையில் வாங்கிவிடு. அந்தத் தாள் இல்லாமல் கப்பல் கூட்டத்தோடு போனால், துணையோடு போனதாகக் காப்பீட்டாளர் ஏற்கமாட்டார். கப்பல்களுக்கிடையிலான சைகைகளின் பொருள் எழுதிய தாள்களை ஈயக்குண்டு கட்டிய பையில் வை; எதிரி ஏறுமுன் கடலில் போடு. வெறும் பை மிதக்கும், எதிரி கையில் சிக்கும்.

சேருமிடம் முற்றுகையில் இருந்தால் போகவேண்டிய மாற்றுத் துறைமுகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவேண்டும். சரக்கின் விற்பனை விலையைக் கேப்டனின் தீர்ப்புக்கே விடுவது நல்லது. கேப்டன் எழுதும் கடிதங்களை மூன்று படி எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பச் சொல்லவேண்டும்.