பையில் வைத்த கைப்பிரதி

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஞாயிறுதோறும் ஆப்பிரிக்க மாணவர்கள் வந்து போவதைக் கவனித்த எதிர்வீட்டு மாமி, "இதெல்லாம் மிஷனரி வேலைதானே?" என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். ஆம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றால் அது பொய். அன்று சிரித்து மழுப்பினேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டு மாணவர்கள் என்றால் சென்னை, பெங்களூரு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்திய அரசின் உதவித்தொகை பெற்றும் சொந்தச் செலவிலும் காவிரிக் கரைக்குப் படிக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். நீண்டகால விசாவில் வருகிறவர்கள் வந்து இறங்கிய 14 நாட்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதில் தொடங்கி, வாடகைக்கு வீடு தேடுவது வரை எல்லாமே அவர்களுக்கு அலைச்சல்தான். பொங்கலுக்கு விடுதி காலியாகும்போது போக ஊரில்லாமல் அறையில் கிடப்பதும், நெரிசலான நகரப் பேருந்தில்கூடத் தம் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காராததைக் கவனித்தும் கவனியாதது போல இருப்பதும் அதைவிடக் கடினமானவை. "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்ற வேதாகம வசனத்தைச் சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த எனக்கு, அந்த அந்நியன் யார் என்பது ஐம்பது வயதுக்குப் பிறகுதான் விளங்கியது.

முதலில் வந்தவர் எத்தியோப்பியாவைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர். 2024 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் அவரை அழைத்து வந்து, கோழிக்குழம்பும் ஆட்டுக்கறி வறுவலும் தயிர்ப்பச்சடியுமாக இலை நிறையப் பரிமாறினேன். அவர் வெறும் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு, நெய்யையும் கையால் தடுத்தார். சமையல் பிடிக்கவில்லை போலும் என்று என் முகம் வாடியதைக் கண்டு, அவர்கள் சபையின் நாட்காட்டிப்படி அந்த ஆண்டு உயிர்த்தெழுந்த பண்டிகை மே 5ஆம் தேதிதான் என்றும், அதுவரை 55 நாள் நோன்பில் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடுவதில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் கறியை விட்டுவிட்டு அதையே பெரிய தியாகமாகச் சபையில் பேசிக்கொள்ளும் எனக்கு அது நல்ல குட்டு. அவருக்குச் சுவிசேஷம் சொல்லலாம் என்று நான் எண்ணியிருந்தேன். அவருடைய நாட்டுச் சபையோ நான்காம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. எங்கள் லுத்தரன் சபையின் கதை தொடங்குவது 1706இல்.

மே 5 அன்று எங்கள் வீட்டில் இரண்டாவது ஈஸ்டர் நடந்தது. காப்பிக்கொட்டை அரைக்கும் கடையில் வறுக்காத கொட்டையாகக் கேட்டு வாங்கி வந்து, எங்கள் இரும்பு வாணலியிலேயே வறுத்து, அவர்கள் வழக்கப்படி மூன்று சுற்றுக் காப்பி ஊற்றினார். டிகிரி காப்பியைத் தவிர மற்றதைக் காப்பியென்றே ஒப்புக்கொள்ளாத என் கணவர் மூன்று சுற்றையும் குடித்தார்.

அந்த விடுமுறையில் அவரைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றோம். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, உள்ளூர் வாத்தியார் ஒருவரின் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதும், 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழும்பியதும் அதற்குப் பிறகுதான். அந்த ஆலயத்துக்குள் நின்றபடி, தங்கள் நாட்டுக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்த ஃபுருமென்டியஸும் கப்பலில் வந்து அகப்பட்டு அரண்மனையில் வளர்ந்த அந்நியச் சிறுவன்தான் என்று எங்கள் விருந்தாளி சொன்னார். சீகன்பால்குவை நாங்கள் எப்போதும் கொடுக்க வந்தவராகவே நினைத்திருந்தோம். மணலில் எழுதிப் பழக இடம் கொடுத்த அந்த வாத்தியாரைப் பற்றி எங்கள் பிரசங்கங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அந்தத் தவற்றைச் செய்தேன். கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரிலிருந்து படிக்க வந்த முஸ்லிம் பெண் ஒருத்தி எங்களோடு நன்றாக ஒட்டிக்கொண்டாள். அவர்கள் மொழியில் தாயை 'மாமா' என்பார்களாம், அவள் என்னை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம், "அப்படியானால் நான் யார்?" என்பார் என் கணவர். சப்பாத்தியை அவர்களும் சப்பாத்தி என்றே சொல்கிறார்கள் என்பதால் மாவு பிசைவது அவள் வேலையாயிற்று. எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் கொடுத்த ஆங்கிலக் கைப்பிரதி, அதாவது சுவிசேஷத் துண்டுப்பிரசுரம், ஒன்றை, ஒரு ஞாயிறு மாலை, அவளுக்குக் கட்டிக் கொடுத்த முறுக்குப் பொட்டலத்தின் அடியில் அவளுக்குத் தெரியாமல் வைத்தேன். அடுத்த வாரம் தேர்வு என்றாள். அதற்கடுத்த வாரம் காய்ச்சல் என்றாள். இரண்டு மாதம் அவள் வரவில்லை.

காரணம் எனக்குத் தெரிந்தே இருந்தது. கடைசியில் அவள் தங்கியிருந்த இடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "மாமா, அதை என் கையிலேயே கொடுத்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள். நம்புவதைச் சொன்னதில் குற்றமில்லை, ஒளித்து வைத்ததுதான் அவளைச் சுட்டது என்று அப்போது புரிந்தது. அத்தனை நாள் போட்ட சோறும் அந்தப் பொட்டலத்தைப் போல வேறு எதையோ மூடி மறைக்கத்தானோ என்று அவளை ஐயப்பட வைத்துவிட்டேன்.

ரமலான் மாதத்தில் அவளே திரும்ப வந்தாள். நோன்புக் கஞ்சி காய்ச்சத் தெரியாமல், தெருமுனை பாயம்மாவிடம் கேட்டு வந்து காய்ச்சி வைத்திருந்தேன். குடித்து முடித்ததும், "உங்களுக்கு நான் யார்? ஏன் இதெல்லாம் செய்கிறீர்கள்?" என்று கேட்டாள். இயேசுவைப் பற்றி, என் அம்மாவின் ஜெபத்தைப் பற்றி, எனக்குத் தெரிந்த வரையில் பத்து நிமிடம் போலச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, தான் தொழும்போது என் முழங்கால் வலிக்காகவும் கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, மறுநாள் விடியுமுன் உண்ணும் சகர் உணவுக்கு எடுத்துப் போகச் சப்பாத்தி வேண்டும் என்று மாவுப் பாத்திரத்தைத் தேடினாள்.