வாசலோடு நின்றுபோன வேகம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீடு என் கணவரின் தாத்தா கட்டியது. தெருப்பக்கம் 18 அடிதான் அகலம். உள்ளே நுழைந்தால் திண்ணை, நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், அதற்கப்பால் பின்கட்டு, கிணற்றடி என்று 90 அடிக்கு நீண்டுகொண்டே போகும். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய செங்கல் சுவர்கள், ஒன்றரை அடி கனம். கோடையில் அந்தக் கனத்தை வாழ்த்தாத நாளில்லை. வைஃபை வந்த பிறகுதான் அதே சுவர்களோடு எனக்குப் பகை உண்டாயிற்று.

சென்னை நிறுவனம் ஒன்றின் கணக்கு வேலையை நான் பின்கட்டு அறையிலிருந்து பார்க்கிறேன். மகள் மாடியில் படிக்கிறாள். மாமனார் முற்றத்து ஓரமாகச் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு டேப்லெட்டில் கிரிக்கெட் பார்ப்பார். மூவரும் ஒரே நேரத்தில் இணையத்தில் இருந்தால் யாராவது ஒருவர் முகம் சுளிப்பது வழக்கமாகிவிட்டதால், ஏப்ரல் மாதத்தில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்னும் வேக அளவு) திட்டத்தை விட்டு 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினோம். மாதக் கட்டணம் கூடியது, வேறெதுவும் மாறவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்த மாமனார், "ஏம்மா, காசு கொடுத்து வாங்குன வேகம் வாசலோடயே நின்னுபோச்சா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்தே விளங்கியது.

வேகம் குறைவு என்றதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நேரு வீதியில் ஒரு கடைக்குப் போய் வீட்டுக்குள் வைஃபையைப் பரப்பும் ரவுட்டரில் நல்லதாக ஒன்று காட்டச் சொன்னேன். கடைத் தம்பி ஆறு ஆன்டெனாக்களை நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டியை எடுத்து வைத்து, "அக்கா, இது வீடு முழுக்க அடிக்கும்" என்றார். அட்டையில் பெரிய எழுத்தில் ஏஎக்ஸ் 3000 என்று போட்டிருந்தது. 200 எம்பிபிஎஸ் வரும் வீட்டுக்கு 3000 எதற்கு என்று கேட்டதற்கு அவரிடம் சிரிப்பைத் தவிர விடையில்லை. வாங்காமல் திரும்பி, அந்த எண்ணின் பொருளைத் தெரிந்துகொள்ள உட்கார்ந்தேன்.

அது ஒரு கூட்டல் கணக்கு. ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. ஒவ்வொன்றிலும் ஏட்டளவில் எட்டக்கூடிய உச்ச வேகத்தைக் கூட்டி, கொஞ்சம் மேலே தள்ளி முழு எண்ணாக்கி அட்டையில் அச்சிடுகிறார்கள். ஏஎக்ஸ் 3000 என்பது 574உம் 2402உம் சேர்ந்தது. எங்களிடம் ஏற்கெனவே இருந்த ஏசி 1200 ரவுட்டர் 300உம் 867உம் சேர்ந்தது (ஏசி என்பது வைஃபை 5 தலைமுறை, ஏஎக்ஸ் என்பது வைஃபை 6). ஆனால் ஒரு கைப்பேசி பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இணைகிறது. அந்த 2402ஐ எட்ட வேண்டுமென்றால் 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலை, அதாவது அலைவரிசைக்குள் அவ்வளவு அகலமான தடத்தை, கைப்பேசியும் ஏற்க வேண்டும், பல கைப்பேசிகள் 80க்கு மேல் ஏற்பதில்லை. அதற்கும் மேல், காற்றில் போகும் எந்த இணைப்பும் தன் ஏட்டு வேகத்தில் பாதியோ அதற்குச் சற்று அதிகமோதான் நடைமுறையில் தரும்.

ஆன்டெனா விஷயமும் அப்படியே. பெரும்பாலான கைப்பேசிகளுக்குள் இருப்பவை இரண்டே. ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், கைப்பேசி மெல்லிய குரலில் சொல்லும் பதில் ரவுட்டரின் காதில் விழுந்தால்தான் பேச்சு நடக்கும். ஒன்றரை அடிச் சுவருக்கு அப்பால் கைப்பேசித் திரையில் கோடுகள் நிறையத் தெரிந்தும் ஒன்றும் திறக்காமல் சுற்றிக்கொண்டிருப்பது பல நேரங்களில் இதனால்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டை அளக்கத் தொடங்கினேன். கடைக்குப் போவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை இது. ஃபைபர் இழை வந்து முடியும் ஓஎன்டி பெட்டி எங்கள் வீட்டில் நடையில் இருக்கிறது. அதில் மடிக்கணினியின் லேன் கேபிளை நேராகச் செருகி வேகத்தைப் பார்த்தேன்: 196 எம்பிபிஎஸ். ஆக, இணைப்புக் கொடுத்தவர் ஏமாற்றவில்லை. பிறகு அதே கேபிளைப் பழைய ரவுட்டரின் போர்ட்டில் செருகினேன்: 94. மூன்று முறை பார்த்தேன், 94தான். திட்டம் 100ஆக இருந்தபோதும் 94 வந்தது, 200 ஆன பிறகும் 94.

இப்படி ஓரிடத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கும் எண் ஒரு தடயம். வைஃபையின் கோளாறு என்றால் எண் ஏறி இறங்கும். 94, 95இல் அசையாமல் நின்றால் வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் ஒன்று இருக்கிறது என்று பொருள். எங்கள் ரவுட்டரின் அட்டையைப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தால், முன்பக்கம் 1200 என்று பெரிதாகவும், பின்பக்கம் 10/100 போர்ட் என்று எறும்பு எழுத்திலும் இருந்தது. காற்றில் 1200 பேசத் தெரிந்த பெட்டிக்கு உள்ளே நுழையும் வாசல் 100தான். இதைச் சட்டப்படி பிழை என்று சொல்ல முடியாது. நேர்மை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ரவுட்டர் வாங்கப் போகிறவர்கள் மற்ற எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், போர்ட்கள் எல்லாம் கிகாபிட்டா (அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸா) என்று ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

எனவே இணையத்தில் தேடி, ஏஎக்ஸ் 1500 வகையில், கிகாபிட் போர்ட்கள் உள்ள எளிய வைஃபை 6 ரவுட்டர் ஒன்றை வாங்கினேன். நான்காயிரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. வைஃபை 6 தூரத்தைக் கூட்டிவிடாது. ஒரே நேரத்தில் பல கருவிகள் பேசும்போது வாய்ப்பை நன்றாகப் பங்கிட்டுக் கொடுக்கும், அது எங்கள் வீட்டுக்குத் தேவை. வைஃபை 7ஐப் பேசத் தெரிந்த கருவி எங்களிடம் ஒன்றுகூட இல்லாததால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கடவுச்சொல் பாதுகாப்பில் டபிள்யூபிஏ 3 என்னும் புதிய முறை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

வந்த அன்றே இரண்டு சிக்கல்கள். முதலாவது, எங்கள் ஓஎன்டியும் ஒரு ரவுட்டராக வேலை செய்துகொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்றை வைத்தால் ஒரே வேலையை இருவர் செய்வதாகி, அலுவலகத்தோடு என்னைப் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் அவ்வப்போது அறுந்தது. ஓஎன்டியை வீசிவிடவும் முடியாது, அதன் வரிசை எண் இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் கருவியில் பதிவானது. ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை அப்படியே கடத்த மட்டும் செய்யும் பிரிட்ஜ் முறைக்கு ஓஎன்டியை மாற்றித் தரும்படி அவர்களைக் கேட்டேன். வந்த தம்பி ஐந்து நிமிடத்தில் மாற்றி, இணைப்புக்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் புதிய ரவுட்டரில் இட்டுக் கொடுத்தார். அந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி வாங்கி ரவுட்டரின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது சிக்கலில்தான் நான் நொந்துபோனேன். புதிய ரவுட்டருக்குப் பக்கத்தில் 190. நடையிலிருந்து பின்கட்டுக்கு ஓடும் கேபிளின் முனையில் மறுபடியும் அதே 94. கேபிள் கிகாபிட் வேகத்தைத் தாங்கும் கேட் 6 தரம், விலையும் கொடுத்திருந்தோம். முனையிலிருந்த கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டும் பொருத்திவிட்டு, மற்ற நான்கை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார் அன்றைக்குக் கேபிள் போட வந்த எலக்ட்ரீஷியன். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். போதாக்குறைக்கு, கடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் வீடு என்பதால் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு வேறு. இரு முனைகளையும் வெட்டிப் புதிதாக மாட்டியதும் 190க்கு மேல் வந்தது.

மீதமிருந்தது சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் செங்கல்லைக் கண்டால் சோர்ந்துவிடும், 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் அது நெரிசலான தெரு. ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் வரிசையில் முற்றத்தில் நின்று பார்த்தால் பத்தொன்பது வீட்டு வைஃபை தெரிகிறது; அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். பக்கத்து வீடுகள் 6இலும் 11இலும் குவிந்திருந்ததால் நான் 1ஐ எடுத்துக்கொண்டேன்.

ரவுட்டரை நடையிலிருந்து முற்றத்துத் தாழ்வாரத் தூணுக்கு, ஆள் உயரத்துக்கு மேல் மாற்றியதுதான் இந்தக் கதையிலேயே செலவில்லாமல் கிடைத்த பெரிய லாபம். முற்றம் என்பது அலைகளுக்குச் சுவரில்லாத கிணறு மாதிரி. அங்கிருந்து மாடி அறையின் சன்னல் நேராகத் தெரிகிறது. உத்திரங்களையும் மெட்ராஸ் டெரஸ் என்னும் செங்கல் தளத்தையும் துளைக்க வேண்டிய வேலையே இல்லாமல், 12 எம்பிபிஎஸ் வந்துகொண்டிருந்த மகளின் அறையில் இப்போது 140 வருகிறது. சாரல் படாமல் இருக்க ஓட்டு விளிம்பிலிருந்து மூன்றடி உள்ளே மாட்டியிருக்கிறோம்.

பின்கட்டுக்கு, வைஃபையை இன்னும் தள்ளிக் கொண்டுபோகும் மெஷ் பெட்டி வாங்கலாமா என்று யோசித்தேன். காற்றில் வாங்கிக் காற்றிலேயே கடத்தும் சாதாரண ரிப்பீட்டர், தன் நேரத்தில் பாதியைக் கேட்பதற்கே செலவழித்துவிடும்; கேபிள் ஏற்கெனவே இருக்கும்போது அது எதற்கு? பழைய ஏசி 1200ஐயே அங்கே வைத்தேன். டிஎச்சிபி என்னும் முகவரி வழங்கும் வேலையை நிறுத்தி, அதன் சொந்த முகவரியை வேறாக மாற்றி, கேபிளை வெளி இணைப்புக்கான வேன் போர்ட்டில் செருகாமல் வீட்டுக் கருவிகளுக்கான லேன் போர்ட்டில் செருகினால் அது வெறும் வைஃபை முனையாகிவிடுகிறது. பெயரும் கடவுச்சொல்லும் முன்கட்டில் உள்ளவையே என்பதால் கைப்பேசி தானாக மாறிக்கொள்கிறது. அதன் 94 என் வேலைக்குத் தாராளம். மாதம் ஒரு முறை வரும் பெரிய கோப்புகளுக்கு மட்டும் கேபிளைக் கணினியிலேயே செருகிக்கொள்கிறேன்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த பிறகு, இணையம் இல்லாமல் போனதைவிட, இழை உயிரோடு இருந்தும் பெட்டிகளுக்கு மின்சாரம் இல்லாமல் போனதுதான் எங்களை வாட்டியது. இப்போது 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்திருக்கிறோம். வாங்கும்போது ரவுட்டர் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பழையதற்கு 1 ஆம்பியர் போதுமாக இருந்தது, புதியது 1.5 கேட்கிறது. ஓஎன்டிக்கும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் ரவுட்டர் மட்டும் விழித்திருந்து பயனில்லை.

மாமனாரின் நாற்காலிக்கு நேர் மேலே இப்போது ரவுட்டர் இருக்கிறது. சமையலறையில் மட்டும், நடுவில் நிற்கும் இரும்பு பீரோவின் புண்ணியத்தில், இன்னும் 8தான் வருகிறது. பீரோவை நகர்த்த ஆறு பேர் வேண்டும்.