திருமணிமுத்தாற்றோரம் ஐந்து மாதப் பறவைக் கணக்கு

செப்டம்பரில் தொடங்கினேன். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் ஓடி நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேரும் திருமணிமுத்தாற்றைச் சுற்றி மூன்று இடங்கள்: மலையடிவாரத்து ஓடை, கன்னங்குறிச்சி மூக்கனேரி, ஊருக்குள் ஒரு பாலம். ஞாயிறு காலையில் ஒவ்வோர் இடத்திலும் பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததைப் பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றிவிடுவேன்.

ஓடையில் எண்ணிக்கை எப்போதும் குறைவுதான். ஆனால் அக்டோபர் முதல் வாரத்தில் பாறை மேல் வாலை ஆட்டிக்கொண்டு மஞ்சள் வயிற்றோடு சாம்பல் வாலாட்டி ஒன்று நின்றது. இமயமலைப் பக்கமிருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்து இந்தச் சின்ன ஓடையைக் கண்டுபிடித்திருக்கிறதே என்று அன்று முழுக்க அதே நினைப்பு.

மூக்கனேரியில் நேரம் போவதே தெரியாது. தூர்வாரிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் எழுப்பிய திட்டுகளில் மரங்கள் வளர்ந்துவிட்டதால் கொக்கு, நீர்க்காகம், வக்கா எல்லாம் அங்கேயே அடைகின்றன. முக்குளிப்பான் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தபோது, பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பெரியவர், "என்ன கண்ணு, வாத்தா?" என்றார். பைனாகுலரைக் கொடுத்தேன். அப்புறம் அன்று அவர் தூண்டிலைக் கவனிக்கவே இல்லை.

பாலத்தில்தான் என் கணக்கு தடுமாறியது. சாக்கடை கலந்து கறுப்பாக ஓடும் அந்த இடத்தில் நவம்பரில் ஒரே காலையில் நாற்பத்தொரு நெடுங்கால் உள்ளான்கள்! மூன்று இடங்களிலும் அதுவே அதிகம். பறவை நிறைய இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது: ஆக்ஸிஜன் குறைந்த சகதியிலும் கொசு போன்ற ஒருவகைப் பூச்சியின் சிவப்புப் புழுக்கள் பிழைத்துக்கொள்ளும், அவற்றின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால்தான் அந்த நிறம், சகதியைக் கிளறித் தின்கிற உள்ளானுக்கு அது விருந்து. மீன்கொத்திக்கு அப்படி இல்லை, மேலே உட்கார்ந்தபடியே தண்ணீருக்குள் மீன் தெரிய வேண்டும். சிறு நீல மீன்கொத்தியை ஓடையிலும் ஏரியிலும் பலமுறை பார்த்தேன். பாலத்தில் ஐந்து மாதத்தில் ஒருமுறைகூட இல்லை. எத்தனை என்பதைவிட எது, என்ன தின்கிறது என்பதுதான் முக்கியம் என்று தோன்றியதால், டிசம்பரிலிருந்து நோட்டில் இரை என்று ஒரு கட்டமும் சேர்த்துவிட்டேன்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஏரியில் தூரத்தில் இருந்த நீர்க்காகங்களையெல்லாம் சிறிய நீர்க்காகம் என்றே பதிந்து வந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாதிக்கு நீண்ட மெல்லிய அலகும் நீலக் கண்ணும், அதாவது இந்திய நீர்க்காகம். பழைய பட்டியல்களில் படம் இல்லாதவற்றை வெறும் 'நீர்க்காகம்' என்று மாற்றியாயிற்று.

பொங்கலையொட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து எண்ணும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் நாலு நாளும் மூன்று இடத்துக்கும் போய் வந்தேன். ஓடையில் அந்த வாலாட்டி இன்னும் அதே பாறையில்தான் இருக்கிறது. வெயில் ஏறி ஓடை வற்றும்போது அது எந்த வாரம் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும், அதனால் மார்ச் முழுக்க ஞாயிறோடு புதனும் போகப் போகிறேன்.