வார்டில் வைஃபை: சில நாட்களின் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

ஆண்கள் மெடிக்கல் வார்டுக்கு டேப்லட்கள் போய்விட்டன. நர்ஸ்கள் பி.பி., காய்ச்சல், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் படுக்கையருகிலேயே பதிய வேண்டும், டாக்டர் எந்தத் தளத்தில் இருந்தாலும் பார்த்துக்கொள்வார். இதுதான் திட்டம். ஐடி பிரிவு ஆள் என்பதால் என்னைக் கொஞ்ச நாள் வார்டிலேயே கிடக்கச் சொல்லிவிட்டார்கள். பயிற்சி வகுப்பில் எல்லோரும் தலையாட்டினார்கள், ஒரு கேள்விகூட வரவில்லை. அதுதான் உதைக்கிறது.

மார்ச் 5, புதன்

காலை ஷிஃப்ட் முழுக்க ஒரு சிஸ்டர் பின்னாலேயே நடந்தேன். முன்கையில் வெள்ளை பிளாஸ்டர் துண்டு ஒன்றை ஒட்டிக்கொண்டு, படுக்கை எண், பி.பி., டெம்பரேச்சர் என்று அதில் பொடி எழுத்தில் பேனாவால் குறித்துக்கொண்டே போகிறார். சுற்று முடிந்ததும் மேசைக்கு வந்து அதைப் பார்த்துக் கேஸ் ஷீட்டில் ஏற்றுகிறார், அப்புறம் அதே எண்களை டேப்லட்டிலும் தட்டுகிறார், பிறகு பிளாஸ்டரை உரித்துக் குப்பையில் போடுகிறார். ஒரே எண் மூன்று தடவை.

“நேரா டேப்லட்லயே போட்டுடலாமே சிஸ்டர்?”

“தம்பி, சானிடைசர் ஈரம் காயாம தொட்டா அது பாட்டுக்கு எங்கேயோ போகுது. கிளவுஸ் போட்டா தொட்டதே தெரிய மாட்டேங்குது. அதெல்லாம்கூடப் பழகிடும். கேஸ் ஷீட்டை நிறுத்தலாம்னு யாரும் ஆர்டர் போடலையே?”

போடவில்லைதான். நாளைக்கு ஏதாவது சிக்கல் வந்தால் காகிதம்தான் கையில் இருக்க வேண்டும் என்று மேலே உள்ளவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பயத்துக்கான கூடுதல் வேலை மட்டும் நர்ஸ் தலையில்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று முழுக்க சிக்னல் வேட்டை. எக்ஸ்ரே அறையைத் தாண்டியதும் டேப்லட் செத்துவிடுகிறது. சுவரில் ஈயத்தகடு இருக்கிறது, கதிர்வீச்சைத் தடுக்க வைத்தது வைஃபையையும் சேர்த்தே தடுக்கிறது. ஓய்வறை மைக்ரோவேவ் ஓடும்போது பக்கத்து அறை இணைப்பு திணறுகிறது, ரெண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் இயங்குகின்றன. இன்னொரு தொல்லை, வார்டின் அந்தக் கோடிக்கு நடந்து போனாலும் டேப்லட் பழைய அக்சஸ் பாயின்ட்டை (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) விடுவதில்லை, தலைக்கு மேலேயே புதியது இருக்கும்போது தூரத்தில் இருப்பதன் மெலிந்த சிக்னலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அக்சஸ் பாயின்ட்களின் பவரைக் குறைத்து, மெதுவான இணைப்பு வேகங்களை அணைத்து ஓரளவு சரிசெய்தேன். மின்சாரம் போனால் நெட்வொர்க் சுவிட்சுக்கு (அக்சஸ் பாயின்ட்களை இணைக்கும் பெட்டி) யூ.பி.எஸ். கிடையாது என்பதும் இன்றுதான் தெரிந்தது. லிஸ்டில் சேர்த்தாயிற்று.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டில் உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். 1989-லேயே ஃபிரெட் டேவிஸ் என்பவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்: ஒரு கருவி பயன்படுத்த எளிதாக இருப்பதைவிட, அதனால் தன் வேலைக்குப் பயன் உண்டு என்று ஆள் நினைப்பதுதான் அதை அவர் பயன்படுத்துவதோடு வலுவாக ஒட்டி நிற்கிறது. நாமோ பயிற்சி என்ற பெயரில் எந்தப் பொத்தானை எப்படி அழுத்துவது என்று மட்டும்தான் சொல்லிக்கொடுத்தோம்.

கென்யாவில் நடந்த ஒரு ஆய்வு, 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கிராமப்புறச் சுகாதார ஊழியர்களுடைய சொந்த போனுக்கே மலேரியா சிகிச்சை பற்றிய எஸ்.எம்.எஸ். 6 மாதம் போயிருக்கிறது. நெறிமுறைப்படி சரியான சிகிச்சை பெற்ற குழந்தைகளின் அளவு 23.7 சதவீதப் புள்ளிகள் கூடியது, அதற்கு 6 மாதம் கழித்துப் பார்த்தபோதும் 24.5. ஆப் இல்லை, லாகின் இல்லை, யாரும் எதையும் திருப்பி எழுத வேண்டியதில்லை.

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் ஊர்ப்பக்கத்துக் கண் மையங்களுக்கும் நடுவே நீண்ட தூர வைஃபை போட்டதும், பயன் கண்ணில் தெரிகிற இதே வகைதான். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆட்கள் செய்தது. சாதாரண வைஃபை ஒரு தகவல் பொட்டலத்தை அனுப்பிவிட்டு ‘கிடைத்தது’ என்ற பதிலுக்கு மைக்ரோ செகண்டு கணக்கில்தான் காத்திருக்கும், பல கிலோமீட்டர் என்றால் பதில் வருவதற்குள் தொலைந்ததாக நினைத்து மறுபடி அனுப்பும். அதனால் இருபக்கமும் முறைவைத்துப் பேசும்படி மாற்றினார்கள். ஆனால் அவர்களை அதிகம் படுத்தியது மின்சாரத்தின் ஏற்ற இறக்கம், கருவிகள் எரிந்துபோயின. உள்ளூர் ஆட்களுக்கே பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நோயாளி தன் ஊரிலேயே உட்கார்ந்து வீடியோவில் டாக்டரிடம் பேசிவிட்டுப் போய்விடலாம், ஒரு பஸ் பயணம் மிச்சம்.

மார்ச் 20, வியாழன்

டாக்டர்கள் டேப்லட்டைத் தொடுவதே இல்லை என்று புகார். தொட மாட்டார்கள்தான், அவர்களிடம் வாட்ஸ்அப் இருக்கிறதே! ஈ.சி.ஜி. படம் பிடித்துக் குரூப்பில் போட்டால் சீனியர் டாக்டர் காரில் இருந்தே பதில் சொல்கிறார். வயர்லெஸ் தொழில்நுட்பத்தை மருத்துவர்கள் ஏற்கத் தயங்குகிறார்கள் என்று இனி யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். சங்கடம் என்னவென்றால், அந்தப் படத்தின் மேல் மூலையில் நோயாளியின் பெயரும் வயதும் அப்படியே தெரிகின்றன, குரூப்பில் ஊரைவிட்டுப் போன பழைய ஹவுஸ் சர்ஜன்களும் (பயிற்சி டாக்டர்கள்) இருக்கிறார்கள். திட்டினால் நிற்காது. அதே வேகத்தில் ஈ.சி.ஜி. அனுப்ப எங்கள் ஆப்பில் வழி செய்தால் ஒருவேளை நிற்கும். இப்போது அதற்கு ஏழெட்டுத் திரை தாண்ட வேண்டும், நானே பாதியில் விட்டுவிடுவேன்.

மார்ச் 28, வெள்ளி

கூட்டம் நடந்தது. பெரிய இழுபறிக்குப் பிறகு, ஒரே ஒரு வார்டில் டெம்பரேச்சர் சார்ட்டை மட்டும் காகிதத்தில் எழுதுவதை நிறுத்தச் சம்மதம் கிடைத்திருக்கிறது, டிஸ்சார்ஜ் அன்று ஆப்பிலிருந்து பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நான் அழகான வரைபடங்களோடு போயிருந்தேன், யாரும் பார்க்கவில்லை. சிஸ்டர் இன்சார்ஜ் அன்றைய பிளாஸ்டர் துண்டை உரித்து மேசையில் ஒட்டிவிட்டு “இதுலேர்ந்து ரெண்டு தடவை காப்பி பண்றோம், எதுல தப்பு வரும்னு நீங்களே சொல்லுங்க சார்” என்றார். விவாதம் அதோடு முடிந்தது.

திங்கள் முதல் ஆரம்பம். அதற்குள் வார்டுக்கு ஒரு பிரிண்டர் பிடிக்க வேண்டும், ஸ்டோரில் கேட்டால் இண்டென்ட் (பொருள் கேட்கும் விண்ணப்பம்) போடச் சொல்கிறார்கள், அதற்கான படிவம் காகிதத்தில்தான் இருக்கிறது.